பாடல் காணொளியில் யார் என்ன செய்கிறார்? ஆண், பெண் சித்திரிப்பைக் கவனித்துப் பழக ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பாடல் காணொளிகளைப் பற்றிப் பெரியவர்கள் கூடிப் பேசினால், அந்தப் பேச்சு பெரும்பாலும் ஆடையில் தொடங்கி ஆடையிலேயே முடிந்துவிடுகிறது. பாட்டில் ஆடும் பெண் எதை உடுத்தியிருக்கிறாள், அது நமது பண்பாட்டுக்கு ஏற்றதா என்று கேட்டுவிட்டு, பிள்ளைகளின் கையிலிருக்கும் போனைக் குறைகூறிக் கலைந்துவிடுகிறோம். இந்தக் கேள்வியால் இரண்டு தீமைகள் விளைகின்றன. பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் பெண்பிள்ளை, இந்தப் பேச்சு பாட்டைப் பற்றியது அல்ல, தன்னைப் பற்றியது என்று விளங்கிக்கொண்டு வாயை மூடிவிடுகிறாள். அதோடு, கதாநாயகி சேலையும் பூவும் பொட்டுமாக வந்து, அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒருவன் தெருத்தெருவாகப் பின்தொடர்கின்ற பாட்டு, குடும்பத்தோடு பார்க்கக்கூடிய நல்ல பாட்டு என்ற பெயருடன் தப்பிவிடுகிறது.

ஆகவே இந்த வழிகாட்டி வேறொரு கேள்வியைப் பழக்குவதற்காக எழுதப்படுகிறது. திரையில் யார் என்ன செய்கிறார்? யார் பார்க்கிறார், யார் பார்க்கப்படுகிறார், யார் முடிவெடுக்கிறார், யார் வேலை செய்கிறார், வேண்டாம் என்ற சொல்லுக்குப் பிறகு என்ன நடக்கிறது? பாடசாலையில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்ற பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், ரியூஷன் வகுப்பு நடத்துபவர், இளைஞர் கழகத்தினர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினர், வளர்ந்த பிள்ளைகளோடு வீட்டில் இருந்து பேச விரும்பும் தாய் தந்தையர் ஆகிய எல்லோரும் இதைப் பயன்படுத்தலாம். ஒரு மடிகணினியோ பெரிய திரையுள்ள ஒரு போனோ, அதோடு சில தாள்களும் போதுமானவை.

எந்தக் காணொளிகளைத் தெரிவு செய்வது

முதலில் குத்துப்பாட்டு எதையும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதில் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். அதைத் திட்டுவது எளிது. திட்டி முடித்ததும் ஏதோ கற்றுவிட்டோம் என்ற நினைப்பு வந்துவிடும். வகுப்பிலுள்ள எல்லோருக்கும் பிடித்த, கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் பேருந்திலும் ஒலிக்கின்ற ஒரு காதல் பாட்டை எடுங்கள். அதனோடு தாய் தந்தையரின் இளமைக் காலத்துத் திரைப்பாட்டு ஒன்றையும், நமது மாவட்ட இளைஞர்கள் தாங்களே எடுத்து யூடியூபில் ஏற்றிய பாட்டு ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் ஒப்பிடுவதற்கு வசதியாக இருக்கும்.

இந்த வடிவம் எதற்காகப் பிறந்தது என்பதைப் பிள்ளைகளுக்கு இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட வேண்டும். 1981 ஆகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்காவில் எம்ரிவி தொலைக்காட்சி தொடங்கியபோது, அதில் ஒளிபரப்பான காணொளிகள் இசைத்தட்டுகளை விற்பதற்கான விளம்பரங்களாகவே இசை நிறுவனங்களால் கொடுக்கப்பட்டன. இன்று தமிழ்த் திரைப்படத்தின் பாடல்கள் படத்துக்கு முன்பே வெளியிடப்படுவதும் அதே நோக்கத்தில்தான். விற்க வந்த ஒன்றுக்கு மூன்று, நான்கு நிமிடங்களே உண்டு. அதற்குள் ஒரு பெண் எப்படிப்பட்டவள், ஒரு ஆண் எப்படிப்பட்டவன் என்று விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லாததால், பார்ப்பவர் மனதில் முன்பே பதிந்திருக்கும் உருவங்களையே இயக்குநர் எடுத்துப் பயன்படுத்துகிறார். வெட்கப்படும் பெண், முரட்டுப் பையன், கண்டிப்பான தகப்பன், சமையலறைத் தாய் என்பவர்கள் ஒரே பார்வையில் விளங்கிவிடுவார்கள். ஒரு பழகிய உருவம் ஒவ்வொரு பாட்டிலும் திரும்பத் திரும்ப வருவதற்குக் கெட்ட எண்ணத்தைவிட இந்த அவசரமே பெரிய காரணம் என்பது எனது கருத்து. காரணம் எதுவானாலும் பார்ப்பவர் மனதில் தங்குவது அந்த உருவம்தான்.

பாட்டைத் தொடங்குவதற்கு முன்பு அதன் முகப்புப் படத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள். அழுத்துவதற்கு முன் நம்மை இழுக்க வைத்த படம் அது. அதில் யாருடைய முகம் பெரிதாக இருக்கிறது, பாடியவர் பெண்ணாக இருந்தும் ஆணின் படம் போடப்பட்டிருக்கிறதா, பெண்ணின் எந்த நிலை தெரிந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தல்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நல்ல இசை நம்மைக் கட்டிப்போட்டுவிடும். தாளம் போடுகிற கை எதையும் எழுதாது. ஆகவே முதல் தடவை முழுப் பாட்டையும் ஒலியில்லாமல் ஓட விடுங்கள். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் சட் ஜாலி, எம்ரிவியில் வந்த காணொளித் துண்டுகளை அவற்றின் இசையை நீக்கி, தனது விளக்கத்தைச் சேர்த்து, வகுப்பறைக்கான ஒரு படமாகத் தொகுத்தார். இசை போனவுடன் தனித்தனிப் பாட்டுகளாகத் தெரிந்தவை ஒரே கதையின் துண்டுகளாகத் தெரியத் தொடங்கின. அந்தத் தொலைக்காட்சி நிறுவனம் வழக்குத் தொடரப்போவதாக அவரை எச்சரித்தது. அந்த எளிய உத்திக்கு எவ்வளவு வலிமை இருந்தது என்பதற்கு அந்த எச்சரிக்கையே சான்று.

இரண்டாம் தடவை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். கணினியில் யூடியூபை நிறுத்திவிட்டு, காற்புள்ளி விசையையும் முற்றுப்புள்ளி விசையையும் அழுத்தினால் ஒவ்வொரு சட்டகமாகப் பின்னுக்கும் முன்னுக்கும் நகரும். போனில் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்; திரையின் இடது ஓரத்தை இரண்டு முறை தட்டினால் 10 செக்கன் பின்னால் போகும். ஒரு குழுவில் ஐந்து பேர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு பொருளைக் கொடுங்கள். முகம் தெரியாமல் உடலின் ஒரு பகுதி மட்டும் வருகின்ற ஷொட்டுகளை (ஷொட் என்பது வெட்டில்லாமல் ஓடும் ஒரு காட்சித் துண்டு) ஒருவர் எண்ணட்டும். யார் யாரைப் பார்க்கிறார் என்பதை ஒருவரும், யார் முதலில் தொடுகிறார் என்பதை ஒருவரும், ஒவ்வொருவரும் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதை ஒருவரும், கையில் என்ன இருக்கிறது, அந்தக் கை என்ன வேலை செய்கிறது என்பதை ஒருவரும் எழுதட்டும். அபிப்பிராயம் எதுவும் இப்போது வேண்டாம். நேரமும் நிகழ்ந்ததும் மட்டும் தாளில் ஏற வேண்டும்.

ஒரு சிறு பகுதியை எடுத்து எப்படிக் குறிப்பது என்று காட்டுகிறேன். பலமுறை பார்த்த காட்சிதான். ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் வந்து நிறுத்துகிறான். கமரா நிலத்தோடு தாழ்ந்திருப்பதால் அவன் உயரமாகத் தெரிகிறான். வண்டியிலிருந்து இறங்கி, கண்ணாடியைக் கழற்றி, ஒரு பக்கம் திரும்பிப் பார்க்கிறான். இத்தனையும் இரண்டு ஷொட்டுகளில் முடிந்துவிடுகின்றன. இரண்டிலும் அவன் முழு ஆளாக, அசைந்துகொண்டு இருக்கிறான். அடுத்து அவன் பார்த்தது காட்டப்படுகிறது. கொலுசு அணிந்த ஒரு கால், வளையல் போட்ட ஒரு கை, காற்றில் பறக்கும் முடி, இடுப்பு, பிறகு மை தீட்டிய கண். ஆறாவது ஷொட்டில்தான் அவள் முகம் வருகிறது. அந்த முகமும் வேகம் குறைக்கப்பட்டு, எதையும் செய்யாமல், திரும்பிச் சிரிக்கிறது. தாளில் நீங்கள் எழுத வேண்டியது இவ்வளவுதான்: ஆண், இரண்டு ஷொட், முழு உருவம், நான்கு செயல், பெண், ஆறு ஷொட், நான்கில் முகமே இல்லை, ஒரு சிரிப்பு. அவளுக்கு அதிக ஷொட் கிடைத்திருக்கிறது. ஆனால் அவள் எதையும் செய்யவில்லை. திரையில் வரும் நேரத்தை மட்டும் எண்ணினால் இந்த வேறுபாடு பிடிபடாது.

பிரித்தானியத் திரைப்பட அறிஞர் லோரா மல்வி 1975இல் வெளியான தமது கட்டுரையில் இதைத்தான் விளக்கினார். படத்திலுள்ள ஆணின் கண், கமராவின் கண், பார்வையாளரின் கண் ஆகிய மூன்றும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுவதால், பெண்ணாக இருந்து பார்ப்பவரும் அந்த ஆணின் இடத்திலிருந்தே பெண்ணைப் பார்க்க வேண்டியதாகிறது என்பது அவரது வாதத்தின் சாரம். எர்விங் கொஃப்மன் என்ற சமூகவியலாளர் 1979இல் நூலாக வெளியிட்ட ஆய்வு விளம்பரப் படங்களைப் பற்றியது என்றாலும், கையைக் கவனிப்பவருக்கு அது மிகவும் உதவும். ஆணின் கை பொருளை இறுக்கிப் பிடிக்கிறது, திருப்புகிறது, இயக்குகிறது. பெண்ணின் கை அதை இலேசாகத் தொட்டு வருடிக்கொண்டு நிற்கிறது. ஆண் உயரத்தில் நிற்க, பெண் தாழ்வாக அமர்ந்தோ சாய்ந்தோ தலையைச் சரித்தோ இருக்கிறாள் என்று அவர் படம் படமாகக் காட்டினார். மாணவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். அவர்கள் தங்கள் தாள்களில் எழுதியதை வாசித்து முடித்த பிறகு சொன்னால், தாங்களே கண்டுபிடித்த ஒன்றை உலகத்தில் வேறு யாரோவும் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்ற மகிழ்ச்சி அவர்களுக்குக் கிடைக்கும்.

வரிகளைப் படித்தல்

ஒலியைத் திறப்பதற்கு முன், பாட்டின் வரிகளை ஒரு தாளில் எழுதி, பாட்டாக அல்லாமல் பேச்சாக ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். பேசுபவர் யார், யாரை நோக்கிப் பேசுகிறார், நான் என்பவருக்கு என்ன வினைச்சொற்கள் வருகின்றன, நீ என்பவருக்கு என்ன வருகின்றன என்று அடிக்கோடிடுங்கள். அவன் வருவான், பறப்பான், அடிப்பான், தவிப்பான். அவள் இருப்பாள், மயக்குவாள், கொல்வாள். அவளைப் பற்றிய வினைகள் பெரும்பாலும் அவள் செய்தவை அல்ல. அவளைப் பார்த்தவனுக்கு நேர்ந்தவை. பெண் குரலில் வரும் வரிகளையும் விட்டுவிடக் கூடாது. யூடியூபில் பாட்டின் கீழுள்ள விபரத்தைத் திறந்து, எழுதியவர் யார் என்று பாருங்கள். தாமரை, உமாதேவி போன்றவர்கள் இருந்தாலும் தமிழ்த் திரைப்பாடல் எழுதும் பெண்கள் மிகச் சிலரே. ஆகவே ஒரு பெண்ணின் ஏக்கம் என்று நாம் கேட்பது பல வேளைகளில் ஒரு ஆண் கற்பனை செய்த ஏக்கம்.

காதலில் தோற்ற ஆணின் புலம்பலுக்கு, 2011 நவம்பரில் வெளியான ஒரு பாட்டுக்குப் பிறகு, சூப் சோங் என்ற பெயர் நிலைத்துவிட்டது. 'கொலவெறி' என்று ஊரெல்லாம் பாடிய அந்தப் பாட்டின் முதற் காணொளி ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுக்கப்பட்டது. தனுஷ் பாடுகிறார், அனிருத் இசையமைக்கிறார். அந்தப் பாட்டு இடம்பெற்ற '3' என்ற படத்தின் இயக்குநரான ஐஸ்வர்யாவும் கதாநாயகி சுருதி ஹாசனும் அங்கே இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். படம் முழுவதற்கும் பொறுப்பான பெண் அங்கே இருந்தும், பாட்டைப் பார்த்த நம்மில் எத்தனை பேருக்கு அவர்தான் இயக்குநர் என்று தெரிந்தது என்ற கேள்வியை வகுப்பில் கேட்டுப் பாருங்கள். இந்த வகைப் பாட்டுகளில் பெண் ஏமாற்றுபவளாகவே வருகிறாள்; அவள் ஏன் போனாள் என்று சொல்ல அவளுக்கு ஒரு வரிகூடக் கொடுக்கப்படுவதில்லை.

பின்தொடரும் பாட்டுகளை நான் இன்னும் கடுமையாகப் பார்க்கிறேன். அவள் முகத்தைத் திருப்புகிறாள், நண்பியோடு வேகமாக நடக்கிறாள், கோபப்படுகிறாள்; சரணம் முடிவதற்குள் சிரித்துவிடுகிறாள். வேண்டாம் என்பது ஆம் என்பதன் முதற்படி என்று இதைப் பார்த்து வளரும் பையன் கற்றுக்கொள்கிறான். தனது மறுப்பை யாரும் நம்பப்போவதில்லை என்று பெண்பிள்ளை கற்றுக்கொள்கிறாள். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் இலங்கையில் நடத்திய ஆய்வில், பொதுப் பேருந்துகளிலும் ரயில்களிலும் பாலியல் தொந்தரவுக்கு உள்ளான பெண்கள் 90 சதவீதம் என்று கண்டறியப்பட்டது. அந்தப் பேருந்துகள் பலவற்றில்தான் சாரதியின் தலைக்கு மேலுள்ள திரையில் இந்தப் பாட்டுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பாட்டுத்தான் அந்தக் குற்றத்தைச் செய்விக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய ஒரு குற்றம், பாட்டில் மட்டும் காதலாகக் காட்டப்படுகிறது என்பதைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லியே ஆக வேண்டும். பேசும்போது ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லக்கூடும். அதை எல்லோர் முன்னிலும் கிளறாமல், பிறகு தனியாகக் கேளுங்கள். பிள்ளைகளுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற உதவி இலக்கங்களைக் கரும்பலகையின் ஓரத்தில் முன்பே எழுதி வைத்துவிடுவது நல்லது.

நமது ஊரோடு வைத்துப் பார்த்தல்

நாம் பார்க்கும் காணொளிகளில் பெரும்பாலானவை சென்னையில் ஆக்கப்பட்டவை. அவற்றில் வரும் ஆண், பெண் ஒழுங்கு தமிழர் எல்லோருக்கும் பொதுவானது என்று நமது பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். கல்யாணப் பாட்டில் மணப்பெண் அழுதுகொண்டு பிறந்த வீட்டை விட்டுப் புறப்படுகிறாள். மாமியார் ஆலத்தி எடுக்க, வலது காலை எடுத்துவைத்துக் கணவன் வீட்டுக்குள் போகிறாள். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் தாய்வழிக் குடிமுறை இருந்துவந்திருக்கிறது. வீடும் வளவும் மகளுக்கு எழுதப்படுகின்றன. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போய்க் குடியிருக்கிறார். புறப்பட்டு வருபவர் அவரே. இதைச் சொன்னவுடன் வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். அந்தச் சிரிப்பைத் தடுக்க வேண்டாம். பிறகு, நமது ஊர்ப் பையன்கள் எடுத்த கல்யாணப் பாட்டிலும் ஏன் பெண்ணே பெட்டியோடு புறப்படுகிறாள் என்று கேளுங்கள். தங்கள் வீட்டில் கண்ணால் கண்டதை விட்டுவிட்டுத் திரையில் கண்டதை எடுத்திருக்கிறார்கள் என்பதை அவர்களே சொல்வார்கள். அதே வேளை, வீடு பெண்ணின் பெயரில் இருப்பதால் வீட்டில் அவள் சொல்லே நடக்கிறது என்று யாரும் முடிவு கட்டிவிடவும் கூடாது. அந்த வீட்டைக் கட்டி முடிக்கும்வரை மகளின் கல்யாணம் தள்ளிப்போவதும், அதற்காகத் தாய் மத்திய கிழக்கு நாடொன்றில் பணிப்பெண்ணாக உழைப்பதும் நமக்குத் தெரிந்தவையே.

வேலையையும் இப்படி ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் தனது தெருவிலுள்ள பெண்கள் செய்யும் வேலைகளை எழுதட்டும். மருதமுனையில் தறியில் நெய்பவர், வயலில் புல்லுப் பிடுங்குபவர், சந்தையில் மரக்கறி விற்பவர், ஆசிரியர், தாதி, கிராம உத்தியோகத்தர், பேக்கரியில் வேலை செய்பவர், கணவன் இல்லாமல் குடும்பத்தை நடத்துபவர் என்று பட்டியல் நீண்டுகொண்டு போகும். பாட்டில் கண்ட வேலைகளை அதன் பக்கத்தில் எழுதுங்கள். கோலம் போடுதல், பூத்தொடுத்தல், கல்லூரிக்குப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போதல், குடத்தில் தண்ணீர் எடுத்தல் ஆகியவை வரும்; நாற்று நடுகையும் வரக்கூடும். நமது வயல்கள் பெரும்பாலும் விதைப்பு வயல்கள் என்பதால் அந்த நாற்று நடுகையும் நமது பிள்ளைகளுக்குத் திரையில் மட்டுமே தெரிந்த காட்சி.

முன்பு எல்லாம் சரியாக இருந்தது, சினிமாதான் கெடுத்தது என்ற முடிவுக்கு வகுப்பு போய்விடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் மரபுப்படி ஆண்களே பெண் பாத்திரங்களையும் ஆடினார்கள். பெண்கள் களரியைச் சுற்றியிருந்து பார்த்தார்கள். சீலாமுனையில் நடந்த கூத்து மீளுருவாக்க முயற்சியில், கூத்துகளில் பெண்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்பதையே ஊர்மக்களோடு பேசி, பாட்டுகளையும் கதைப்போக்கையும் மாற்றி எழுதினார்கள். ஒரு மரபை நேசிப்பவர்களே அதைக் கேள்வி கேட்டு மாற்றலாம் என்பதற்கு இதைவிட அருகிலுள்ள எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. நமது நாட்டார் கவிகளில் காதலைப் பெண் தானே முன்வந்து பேசுவதும், வராத மச்சானைக் கண்டித்துக் கேட்பதும் உண்டு. அப்படி ஒரு கவியை வகுப்பிலுள்ள யாருடைய மூத்தம்மாவிடமோ அம்மம்மாவிடமோ கேட்டு எழுதிவரச் சொல்லி, இன்றைய காதல் பாட்டின் பெண்ணோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

ஆண்பிள்ளைகளைப் பற்றிய கேள்விகள்

இந்தப் பாடத்தைப் பெண்களுக்கான பாடமாக நடத்தினால் பையன்கள் கை கட்டிக்கொண்டு பின்வாங்கில் இருந்துவிடுவார்கள். அவர்களுக்கும் இந்தக் காணொளிகள் ஒரு ஒடுக்கமான உருவத்தையே கொடுக்கின்றன. பாட்டில் வரும் ஆண் எந்தெந்த உணர்ச்சிகளைக் காட்டுகிறான் என்று எண்ணச் சொல்லுங்கள். கோபம், கெத்து, கேலி, குடித்துவிட்டு அழுகை. பயம் உண்டா? வெட்கம் உண்டா? தோற்றுவிட்டு அமைதியாக வீட்டுக்குப் போனவன் உண்டா? குழந்தையைத் தூக்கியவன், தாய்க்குச் சமைத்துக் கொடுத்தவன் எத்தனை பேர்? நமது இளைஞர்கள் எடுக்கும் சொல்லிசை (ராப்) காணொளிகளில் பெண்களே இல்லாமல், நண்பர் கூட்டமும் மோட்டார் சைக்கிளும் கடற்கரையும் மட்டும் வருவதும் கவனிக்க வேண்டியது. நடிக்கப் பெண்கள் வர மாட்டார்கள் என்பார்கள். அது உண்மை. ஏன் வர மாட்டார்கள், வந்த பெண்ணுக்குக் காணொளி வெளியான பிறகு என்ன நடக்கிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்டால், பேச்சு பாட்டை விட்டு ஊருக்குள் வந்துவிடும். அந்தப் பேச்சுக்குப் போதிய நேரம் ஒதுக்குங்கள்.

மாற்றிப் பார்த்தல்

எழுதிய ஷொட்டுகளின் பட்டியலை எடுத்து, ஆண் என்ற இடத்தில் பெண் என்றும், பெண் என்ற இடத்தில் ஆண் என்றும் மாற்றி வாசித்தால், இயல்பாகத் தெரிந்தவற்றில் எவை விநோதமாகின்றன என்பது உடனே புலப்படும். பிறகு, வேறு விதமாக எடுக்கப்பட்ட ஒன்றிரண்டு காணொளிகளைக் காட்டுங்கள். 2020 நவம்பரில் 100 கோடி பார்வைகளைத் தாண்டிய 'ரவுடி பேபி' பாட்டில் சாய் பல்லவி தனுஷுக்கு ஈடுகொடுத்து அதே அசைவுகளை ஆடுகிறார். அந்த ஆட்டத்தைக் காட்டுவதற்காகவே கமரா பல இடங்களில் தூர நின்று முழு உருவத்தைக் காட்டுகிறது. ஆடையையும் நிறங்களையும் விட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டும் முந்தைய பாட்டின் தாளோடு ஒப்பிடுங்கள். எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த ஈழத்துப் பூர்வீகப் பாடகி மாயா அருள்பிரகாசம் 2012இல் வெளியிட்ட 'பேட் கேர்ள்ஸ்' காணொளி மொரோக்கோவில் படமாக்கப்பட்டது. அதில் முக்காடிட்ட பெண்கள் பாலைவனத்தில் கார்களை ஓட்டிச் சாகசம் செய்கிறார்கள். அந்தக் காணொளி வந்தபோது சவூதி அரேபியாவில் பெண்கள் வாகனம் ஓட்டத் தடை இருந்தது; அது 2018 ஜூனில்தான் நீங்கியது. முழுக்க மூடிய ஆடையோடும் ஒரு பெண் திரையை ஆளலாம் என்பதைக் காண்பது, ஆடைப் பேச்சிலிருந்து வெளியே வருவதற்கு, குறிப்பாகக் காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறைப் பிள்ளைகள் உள்ள வகுப்பில், பெரிதும் உதவும். ஆனால் இவையும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல. இவற்றுக்கும் அதே தாளைப் பயன்படுத்த வேண்டும்.

வகுப்பை நடத்தும் முறை பற்றிச் சில குறிப்புகள்

80 நிமிடம், ஏறக்குறைய இரண்டு பாடவேளை, ஒரு பாட்டுக்குப் போதும். காணொளியை முன்கூட்டியே நீங்கள் முழுவதும் பார்த்திருக்க வேண்டும். ஆண்களும் பெண்களும் கலந்த வகுப்பானால் முதலில் எல்லோரும் பெயரில்லாமல் எழுதிக் கொடுக்கட்டும். நீங்கள் கலைத்து வாசியுங்கள். அந்தப் பாட்டை நேசிக்கும் பிள்ளையை ஒருபோதும் வெட்கப்படுத்தாதீர்கள். பாட்டு பிடித்திருக்கலாம், அதன் ஒரு காட்சி தவறாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே மனதில் இருக்க முடியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதே ஊரைச் சேர்ந்த பெண் நடித்த காணொளியை அவளது சம்மதம் கேட்காமல் வகுப்பில் போடக் கூடாது.

சொந்தமாக எடுக்கும்போது

பார்த்துப் பழகியவர்கள் எடுக்கவும் விரும்புவார்கள். அதை ஊக்கப்படுத்த வேண்டும். கல்லடிக் கடற்கரையில் ஒரு போனோடு தொடங்கலாம். எழுதும்போதே, பெண் பாத்திரம் பாட்டின் முடிவுக்குள் தானாக எடுக்கும் ஒரு முடிவாவது இருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். நடிக்கும் பெண் வரிகளையும் ஷொட்டுகளையும் முன்பே பார்த்துச் சம்மதிக்க வேண்டும். அவள் விரும்பும் ஒருவர் கூடவே இருக்கவும், இருட்டுவதற்கு முன் வீடு போய்ச் சேரவும் ஏற்பாடு செய்ய வேண்டும். எடிட்டிங் முடிந்த பிறகு, ஏற்றுவதற்கு முன்பு, அவளுக்குக் காட்டி, அவள் வேண்டாம் என்ற ஷொட்டைக் காரணம் கேட்காமல் நீக்க வேண்டும். நடிக்கப் பெண்கள் வருவதில்லை என்ற குறை இந்த ஒழுங்குகளைக் கடைப்பிடிக்கும் குழுக்களிடம் குறையும் என்று நம்புகிறேன்.

பூப்புனித நீராட்டு விழாக் காணொளிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையைக் கடற்கரைக்கும் பூங்காவுக்கும் கூட்டிச்சென்று, காதல் பாட்டொன்றைப் பின்னணியில் போட்டு, கதாநாயகியைப் போலத் திரும்பிப் பார்க்கவும் கூந்தலைக் கோதவும் கண்ணைத் தாழ்த்தவும் சொல்லி, ட்ரோன் பறக்கவிட்டுப் படமெடுத்து, யூடியூபிலும் டிக்டொக்கிலும் ஏற்றுவது இப்போது பரவலாகிவிட்டது. மேலே ஷொட் ஷொட்டாகப் பிரித்துப் பார்த்த கால், கை, இடுப்பு, கண் என்ற அதே வரிசையில் ஒரு குழந்தை நிறுத்தப்படுகிறாள். பெற்றோர் அன்பினாலேயே செய்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆகவே கண்டிக்காமல் சொல்லுங்கள். வீட்டாருக்கு நினைவாகப் படம் வேண்டுமானால் எடுக்கலாம். பிள்ளை தோழிகளோடு சிரிப்பதையும், மாமிமார் சூழ நிற்பதையும், அவளுக்குப் பிடித்த விளையாட்டையோ சைக்கிளையோ படத்தையோ சேர்த்து எடுக்கச் சொல்லி வீடியோக்காரரிடம் கேட்கலாம். காதல் பாட்டை நீக்கச் சொல்லலாம். அவளுக்கு விருப்பமா என்று அவளிடமே கேட்க வேண்டும். எடுத்ததைக் குடும்பத்துக்குள் பகிர்ந்துகொள்ளலாம். பொதுவில் ஏற்றக் கூடாது. வீடியோக்காரர் தமது விளம்பரத்துக்காகத் தமது பக்கத்தில் ஏற்றிவிடாதபடி, முற்பணம் கொடுக்கும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஏற்றப்பட்டிருந்தால், பிள்ளையின் வயதைக் குறிப்பிட்டு நீக்கும்படி முதலில் அவரிடமும், அவர் மறுத்தால் அந்தத் தளத்தில் முறைப்பாடு செய்யும் பொத்தான் வழியாகவும் கேட்கலாம்.